மலைக்கு மலை வேறு பல்லி!

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறத் தொடங்கியதுமே காற்று மாறிவிடும். வளைவுகளை எண்ணிக்கொண்டே வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்வோம். வழியில் மரவள்ளிக் காடு, கடுக்காய் மரம் எல்லாம் கண்ணில் படும். மேகம் அருவியில் தண்ணீர் விழுகிறதா, பெரியார் அருவிக்கு எப்படிப் போவது என்று விசாரிப்போம். ஆனால் சாலையோரப் பாறை இடுக்கில், நம் விரல் நீளத்துக்கு ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை யார் நின்று பார்க்கிறார்கள்?

'பல்லிதானே, நம்ம வீட்டுச் சுவரிலேயே நாலு இருக்கே' என்று தோன்றும். அங்கேதான் விஷயமே இருக்கிறது. வீட்டுப் பல்லி வேறு, இது வேறு. அதைவிட ஆச்சரியம், இந்த மலையில் இருக்கும் பாறைப் பல்லியும் பக்கத்து மலையில் இருப்பதும் வேறு வேறாக இருக்கலாம்!

2022-ம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. மும்பையைச் சேர்ந்த அக்‌ஷய் கண்டேகர், இஷான் அகர்வால், தேஜஸ் தாக்கரே ஆகியோரின் ஆய்வு அது. சேர்வராயன் மலையையும் அதைச் சுற்றியுள்ள மலைகளையும் அலசி, ஒரே கட்டுரையில் ஐந்து புதிய பல்லி இனங்களை அறிவித்தார்கள். அமேசான் காட்டிலோ போர்னியோ தீவிலோ இல்லை. நம் சேலம் பக்கத்து மலைகளில்! அவற்றில் ஒன்றின் பெயர் 'பச்சைமலையென்சிஸ்'. பச்சைமலைக்காரன் என்று அர்த்தம். இன்னொன்றின் பெயர் 'அழகு'. ஆமாம், நம் தமிழ் அழகுதான். லத்தீன் மரபில் எழுதப்படும் அறிவியல் பெயரில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

இவை எல்லாம் 'நெமாஸ்பிஸ்' என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. பகல் பல்லிகள் என்று சொல்லலாம். வீட்டுப் பல்லியின் கண்ணை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால், கண்மணி செங்குத்தான கோடு போல இருக்கும். பூனைக்கு இருப்பது மாதிரி. பகல் பல்லிக்கு வட்டமாக இருக்கும். வீட்டுப் பல்லிக்கு விரலடியில் அகலமான ஒட்டுப்பட்டை உண்டு. பகல் பல்லிக்கு அது இல்லை. மெலிந்த விரலும் நகமும்தான். அதை வைத்துக்கொண்டே பாறையில் தலைகீழாக ஓடும்.

இப்படிப் புதிய இனம் கிடைக்க அடர்ந்த காடுதான் வேண்டும் என்றும் இல்லை. 2000-ம் ஆண்டு இந்திரனில் தாஸ், ஆரன் பவர் என்ற இரு ஆய்வாளர்கள் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு பகல் பல்லிகளை அறிவித்தார்கள். ஒன்று ஏற்காட்டிலிருந்து. இன்னொன்று வேலூர் கோட்டையிலிருந்து! லட்சக்கணக்கானோர் நடந்துபோன அந்தக் கோட்டைக் கற்களில், பெயரே இல்லாமல் ஓர் இனம் குடியிருந்திருக்கிறது. 2019-ல் சங்ககிரியில் ஒன்று, அதே ஆண்டு ஏற்காட்டில் மேலும் இரண்டு என்று பட்டியல் நீண்டது.

ஏன் இந்த வட்டாரத்தில் இத்தனை? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன், சித்தேரி எல்லாம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகள். 'தொடர்ச்சி' என்று பெயர்தானே தவிர, தொடர்ச்சியாக இல்லை. கல்வராயனுக்கும் பச்சைமலைக்கும் நடுவே ஆத்தூர் பள்ளத்தாக்கு. அதில் வசிஷ்ட நதி ஓடுகிறது. நமக்கு அது கொஞ்ச நேரப் பேருந்துப் பயணம். பாறை நிழலையும் ஈரத்தையும் நம்பி வாழும் சின்னப் பல்லிக்கு, வெயில் கொளுத்தும் அந்தச் சமவெளி ஒரு கடல். கடக்க முடியாது. ஒரு மலையில் மாட்டிக்கொண்ட கூட்டம் பல லட்சம் ஆண்டுகள் தனக்குள்ளேயே பெருகி, புள்ளி மாறி, செதில் மாறி, கடைசியில் தனி இனமாகிவிடுகிறது. நிலத்துக்கு நடுவே நிற்கும் தீவுகள் இந்த மலைகள்.

சரி, ஒரு பல்லியைப் பார்த்ததும் 'இது புதுசு' என்று எப்படிச் சொல்கிறார்கள்? பார்த்ததும் சொல்ல முடியாது. பல சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகும்.

முதலில் அனுமதி. வனத்துறையின் கடிதம் இல்லாமல் ஒரு பல்லியைக்கூடப் பிடிக்கக் கூடாது. பிறகு பாறை பாறையாகத் தேடல், இரவில் டார்ச்சோடு. கிடைத்ததைப் படம் எடுக்க வேண்டும். ஏனென்றால் இறந்த பிறகு நிறம் போய்விடும். அப்புறம்தான் எண்ணுகிற வேலை. நான்காவது கால்விரலுக்கு அடியில் எத்தனை தகடுகள்? வயிற்றில் குறுக்காக எத்தனை செதில் வரிசைகள்? ஆண் பல்லியின் தொடையில் மெழுகு போன்ற பொருளைச் சுரக்கும் துளைகள் இருக்கும். அவை எத்தனை, தொடர்ச்சியாக இருக்கின்றனவா, இடைவெளி விட்டா? நுண்ணோக்கியின் கீழே உட்கார்ந்து இதையெல்லாம் ஒவ்வொரு பல்லிக்கும் எண்ணிக் குறிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் இந்தத் தொழில் பக்கமே போகக் கூடாது.

அடுத்து மரபணு. துளித் திசுவை எடுத்து டி.என்.ஏ. வரிசையைப் படித்து, மற்ற இனங்களோடு ஒப்பிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் இரண்டு பல்லிகள் எப்போதோ பிரிந்துபோன பங்காளிகள் என்று இதில்தான் தெரியவரும்.

இதில் மனதுக்கு ஒப்பாத ஒரு பகுதியும் உண்டு. புதிய இனத்துக்குப் பெயர் வைக்க, வழக்கமாகச் சில உயிர்களைக் கொன்று ஆல்கஹாலில் பாதுகாத்து, அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். அதில் ஒன்று மூல மாதிரி. கடையில் எடைக்குப் படிக்கல் இருப்பதுபோல, 'இந்தப் பெயர் என்றால் இந்த உயிர்' என்பதற்கு அதுதான் படிக்கல். நூறு ஆண்டு கழித்துச் சந்தேகம் வந்தாலும் போய்ப் பார்க்கலாம். ஒரு புகைப்படம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தொடைத் துளைகளை எண்ணும் அளவுக்கு ஒரு புகைப்படம் பெரும்பாலும் உதவாது என்பதே பதில்.

படிக்கல்லின் அருமை தெரிய, ஏற்காட்டுப் பாம்பு ஒன்றின் கதையைக் கேளுங்கள்.

ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் (1830–1911) ராணுவ அதிகாரியாக வந்து, சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக உயர்ந்தவர். செடி, நத்தை, தவளை, பாம்பு என்று எதையும் விடாதவர். 1863-ல் அவர் சேர்வராயன் மலையிலிருந்து ஒரு மண்ணடிப் பாம்பை விவரித்து, ஜான் ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரால் 'ஷார்ட்டி' என்று பெயர் வைத்தார். யூரோபெல்டிஸ் ஷார்ட்டி. இவற்றைக் கேடயவால் பாம்புகள் என்கிறார்கள். தலை கூர்மையாக இருக்கும்; வால் சீவிவிட்டது போல முடியும். அந்த வாலில் மண் அப்பிக்கொண்டு, வளையின் வாசலை அடைத்துவிடும். விஷம் கிடையாது. சாப்பாடு, மண்புழு. முட்டை போடாமல் குட்டி போடும். எது தலை, எது வால் என்று குழம்பி, 'இருதலைப் பாம்பு' என்று அடித்துப்போடுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

பெட்டோமுக்குப் பின் வந்த அறிஞர்கள் லண்டனில் உட்கார்ந்து பார்த்து, 'இதெல்லாம் தனி இனம் இல்லை, சிலானிகஸ் என்ற இனத்தின் வேறுபாடுதான்' என்று சேர்த்துவிட்டார்கள். அந்த சிலானிகஸ் கதை தனி வேடிக்கை. பெயரில் சிலோன் இருக்கிறது, ஆனால் இலங்கையில் அந்தப் பாம்பே இல்லை. வாழ்வது மேற்குத் தொடர்ச்சி மலையில்! வைத்த பெயர் வைத்ததுதான். தப்பான ஊர் என்பதற்காக மாற்ற விதி இடம் தராது. ஆக, சேர்வராயன் பாம்பு தன் பெயரை இழந்து, எங்கோ இருக்கும் உறவுக்காரப் பாம்பின் கணக்கில் எழுதப்பட்டது. 2014-ல் எஸ்.ஆர். கணேஷ் உள்ளிட்ட தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் மறுபடி ஆராய்ந்து, 'பெட்டோம் சொன்னதே சரி, இது தனி இனம்' என்று நிறுவினார்கள். நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு அந்தப் பாம்புக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது.

இதைவிட நமக்கு நெருக்கமான ஒன்று: பச்சைப் பாம்பு. 'கண்ணைக் கொத்தும்' என்று பாட்டி பயமுறுத்தினாரே, அதே கண்கொத்திப் பாம்பு. புத்தகங்களில் 'அஹெடுல்லா நசுடா' என்று படித்திருப்பீர்கள். அஹெடுல்லா என்பது சிங்களச் சொல். அதற்கும் கண்ணைக் கொத்துவது என்றுதான் பொருள். பாட்டிகள் எல்லா மொழியிலும் ஒன்றுதான் போலிருக்கிறது! 2020-ல் வந்த ஓர் ஆய்வு, நசுடா என்ற பெயர் இலங்கைப் பாம்புக்கு மட்டுமே உரியது என்றது. நம் சமவெளிப் பாம்பு 'ஆக்ஸிரிங்கா' ஆனது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பவை தனித்தனி இனங்களாகப் பிரிந்தன. வேலியில் தொங்கும் பாம்பு அதேதான், ஜாதகம்தான் மாறிவிட்டது.

பெயர் மாறி என்ன ஆகப்போகிறது? ஆகிறது. கண்ணாடி விரியனை எடுத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தான் முதல் தைவான் வரை ஒரே இனம் என்று முன்பு எண்ணினார்கள். இப்போது மியான்மர், தாய்லாந்து பக்கம் இருப்பது தனி இனம். விஷமும் ஊருக்கு ஊர் மாறுகிறது. நம் மருத்துவமனைகளில் போடும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தை வைத்துத் தயாராவது. 1978-ல் தொடங்கப்பட்ட, வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த விஷத்தைத் தருவதில் முக்கியமானது. ஓரிடத்துப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து, தூரத்து ஊரில் அதே வகைப் பாம்பு கடித்தால் அவ்வளவு வேலை செய்யாது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யார் யார் என்று பிரித்தறிவது இங்கே உயிர்ப் பிரச்னை.

பல்லிக்கும் உயிர்ப் பிரச்னைதான், அதன் உயிர். 'தென்னிந்தியா முழுக்கப் பரவலாக உள்ளது' என்று எழுதப்பட்ட பல்லியைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதுவே, 'உலகத்திலேயே இந்த ஒரு மலையில் மட்டும்' என்றால் கதை வேறு. ஒரு கல்குவாரி வெட்டித் தின்பது பாறையை மட்டுமா என்ற கேள்வி வருகிறது. பெயரில்லாத ஒன்று அழிந்தால், அழிந்தது என்று எழுதக்கூட முடியாது. கல்வராயனில் வெள்ளிமலைப் பக்கம், கருமந்துறைப் பக்கம், சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று எத்தனை முகடுகள், எத்தனை ஓடைகள்! ஏற்காட்டில் இருப்பதுதான் இங்கும் இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிட முடியாது என்பதைத்தான் பக்கத்து மலைகளின் கதை காட்டுகிறது.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது: பெயர்கள் மெல்ல நம் பக்கம் திரும்புகின்றன. பெட்டோம் காலத்தில் நண்பர்கள், துரைமார்கள் பெயர்தான். 2016-ல் தமிழ்நாட்டு ஓணான் ஒன்றுக்கு 'சிட்டானா விசிறி' என்று பெயர் வைத்தார்கள். ஆண் ஓணான் தொண்டையை விசிறி மாதிரி விரித்துக் காட்டும். அதே ஆண்டு தென்கோடி மாவட்டங்களில் கிடைத்த இன்னொன்றுக்கு 'மருதம்நெய்தல்'. வயலும் கடற்கரையும் சேர்ந்த நிலத்தில் வாழ்வதால் இரண்டு திணைகளையும் சேர்த்துவிட்டார்கள். 2019-ல் மேற்குத் தொடர்ச்சி மலைப் பல்லி ஒன்று, தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரில் 'ஜானகியே' ஆனது. பல்லி விழும் பலனுக்கே பஞ்சாங்கத்தில் இடம் ஒதுக்கிய ஊர் நம்முடையது. பல்லிக்கு நல்ல பெயர் தேடுவதா கஷ்டம்?

அடுத்த முறை கல்வராயன் மலைக்குப் போனால், அருவிக்கு இறங்கும் வழியில் நிழலான பாறை இடுக்குகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பல்லி தெரிந்தால் தொட வேண்டாம். பயந்தால் வாலை உதறிவிட்டு ஓடும், புது வால் வளர்க்க அதற்குப் பெரும் செலவு. போனில் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று என்று படம் எடுங்கள். தேதியையும் எந்த ஊர், எந்த ஓடை என்பதையும் குறித்து வையுங்கள். மழை ஓய்ந்த காலையில் மலைச்சாலையில் மண்புழு மாதிரி பளபளவென்று ஏதாவது நெளிந்தால், வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். அது கேடயவால் பாம்பாக இருக்கலாம். சாலையைக் கடக்க அதற்கு நிறைய நேரம் ஆகும்.