உங்களுக்குத் தெரியுமா? சீட்டைத் தொடாமல் பேகம்பேட்

ரம்மி அதிர்ஷ்டமா, திறமையா? வீட்டுத் திண்ணையில் தீராத இந்த வழக்கை உச்ச நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றது, ஹைதராபாத்தின் பேகம்பேட்டை ஒட்டிய செகந்திராபாதின் கிரெசென்ட் ரிக்ரியேஷன் கிளப்பில் நடந்த போலீஸ் சோதனை. அது நடந்தது 1963இல். "பெரும்பாலும் திறமைதான்" என்று தீர்ப்பு வந்தது 1967 நவம்பரில். இன்றுவரை நாடெங்கும் ரம்மி வழக்குகளில் வக்கீல்கள் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான். வேடிக்கை என்னவென்றால், அதே மண்ணில் 2017இல் தெலங்கானா அரசு காசு வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மிக்குத் தடை போட்டுவிட்டது.

காசு வைத்து ஆட கேசினோ தேடுபவர் கோவாவுக்கு விமானம் ஏறட்டும். சீட்டு பிடிக்காதவருக்குப் பேகம்பேட்டில் ஒரு பழைய கட்டடம் போதும். 1897 ஆகஸ்ட் 20இல் மருத்துவர் ரொனால்ட் ராஸ், அனோஃபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டது இங்கேதான். கொசுக்கடி வாங்கிக்கொண்ட நோயாளி உசேன் கானுக்குக் கூலி, கொசுவுக்கு ஓரணா! ராஸுக்கோ 1902இல் நோபல் பரிசு. அந்த ஆகஸ்ட் 20தான் உலகக் கொசு நாள்.

கொசு போதுமென்றால் அருகிலேயே 'ஸ்பானிஷ் மசூதி'. 1906இல் கட்டி முடிந்தது. பெரிய குவிமாடம் கிடையாது, கூர்முனைக் கோபுரங்கள்தான். ஸ்பெயினைச் சுற்றிவந்த பைகா குடும்பப் பிரபு விகார் உல் உம்ரா கொண்டுவந்த ஆசை அது. தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயமோ என்று தோன்றும்.