நந்தினியின் கை தளர்ந்தது ஏன்?

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. ராஜராஜ சோழனின் 2-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளின் சொத்துக்களைப் பற்றிய அரசாணை அது. சோமன், ரவிதாஸன், பரமேசுவரன் என்று பெயர்களும் சொல்கிறது. எதற்காகக் கொன்றார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

கல் வாய் மூடிய இடத்தில்தான் 'கல்கி'யின் கற்பனை வாய் திறந்தது. 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்த 'பொன்னியின் செல்வ'னில், சரித்திரம் அறியாத நந்தினியை அவர் சிருஷ்டித்தார்.

இளமையில் அவளும் ஆதித்த கரிகாலனும் மனம் பறிகொடுத்தவர்கள். பின்னாளில், காயம்பட்டுக் கிடந்த வீரபாண்டியனுக்கு உயிர்ப்பிச்சை கேட்டுக் கெஞ்சுகிறாள் நந்தினி. போர்வெறி கொண்ட கரிகாலன் கேட்கவில்லை. தலையை வெட்டி வீழ்த்துகிறான். காதல் பிறந்த நெஞ்சில் பழியும் பிறந்தது. பழுவூர் இளையராணியாகிப் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளோடு சேர்ந்து சதி செய்கிறாள்.

கரிகாலனுக்கும் நிம்மதி இல்லை. கெஞ்சிய அந்த முகம் அவனை இரவும் பகலும் வாட்டுகிறது. சாவுக்குத் துணிந்தே கடம்பூர் மாளிகைக்கு வருகிறான். சபதம் செய்த வாள் அவள் கையில். எதிரே தடுக்க மனமில்லாத பகைவன். ஆனாலும் கை தளர்கிறது!

அன்றிரவே கரிகாலன் பிணமாகிறான். யார் கையால் என்பதைக் கல்கி ஐயத்துக்கே விட்டுவிட்டார். ஓர் உண்மையை மட்டும் ஐயமின்றிக் காட்டினார்: வஞ்சம் வளர்த்த மூன்று ஆண்டுகளிலும் நந்தினியின் காதல் சாகவே இல்லை.