கதவைத் திறக்காத வீடு

இரவு மணி பத்து. கடலூர் முதுநகரில் கடலை ஒட்டி ஒரு சந்து. சுகாதார ஊழியர் ஒருவர் டார்ச் விளக்கும் கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டியுமாக நின்று கதவைத் தட்டுகிறார்.

"யாரு?"

"சுகாதார ஆபீஸிலிருந்து வரோம்மா. யானைக்கால் ரத்தப் பரிசோதனை. விரல் நுனியிலே ஒரு குத்து, அவ்வளவுதான்."

"அவரு கடலுக்குப் போயிருக்காரு தம்பி. பொழுது விடிஞ்சு வாங்களேன்."

"விடிஞ்சு எடுத்தா அந்த ரத்தம் பிரயோஜனப்படாதும்மா!"

உள்ளே விளக்கு அணைகிறது. ஊழியர் அடுத்த வீட்டுக்கு நடக்கிறார்.

இது இன்ன தேதியில் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. யானைக்கால் வியாதி இருந்த ஊர்களில் ராத்திரி சர்வேக்குப் போனவர்கள் யாரைக் கேட்டாலும் இப்படிப் பத்துக் கதை சொல்வார்கள்.

ராத்திரியில்தான் வர வேண்டுமா என்று கேட்கலாம். இந்த வியாதிப் புழு விசித்திரமானது. தாய்ப் புழு நிணநீர்க் குழாய்களில் குடியிருக்கிறது. அதன் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் பதுங்கியிருந்து, ராத்திரியில்தான் தோலுக்கு அருகே ஓடும் ரத்தத்தில் உலாவ வருகின்றன. கொசு கடிக்கும் நேரம் அதுதானே! 1872-ல் கல்கத்தாவில் டாக்டர் லூயிஸ் இந்தக் குஞ்சுகளை மனித ரத்தத்தில் கண்டார். 1877-ல் சீனாவில் டாக்டர் மான்சன் அவை கொசுவின் உடம்பில் வளர்வதைக் கண்டுபிடித்தார்.

சரி, ஒரு வீடு தப்பினால் என்ன குடி முழுகிப் போயிற்று? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தெருவில் 100 பேர். அதில் 70 பேர் ரத்தம் கொடுத்தார்கள். 2 பேருக்குப் புழு. நூற்றுக்கு ஏறக்குறைய 3 என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். விட்டுப்போன 30 பேரில் 3 பேருக்கு இருந்தால்? அப்போது உண்மையான கணக்கு நூற்றுக்கு 5. விட்டுப்போனவர்களும் அகப்பட்டவர்களைப் போலவே இருந்தால் மோசமில்லை. ஆனால் அப்படி இருப்பதில்லை என்பதுதான் சங்கடம். ராத்திரி வீட்டில் இல்லாதவர் யார்? படகில் போனவர், இரவு ஷிப்டுக்குப் போனவர். பெரும்பாலும் வயது வந்த ஆண்கள். ரத்தத்தில் இந்தப் புழு பொதுவாகப் பெண்களைவிட ஆண்களிடமே அதிகம் காணப்படுகிறது. பரிசோதனைக்கு யார் முக்கியமோ அவரே தப்பிவிடுகிறார்!

பதிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் ரத்தத்தை எடுத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டலாமே என்று தோன்றும். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் இருந்தவர் அல்லவா? கடலுக்குப் போனவருக்கு அவர் எப்படிப் பதிலாவார்?

சிதம்பரம் பக்கம் வந்தால் சங்கடம் வேறு தினுசு. அண்ணாமலைநகரில் படிக்கும் பையனை அவன் ஊரில் போய்த் தேடினால் "ஹாஸ்டலில் இருக்கிறான்" என்பார்கள். ஹாஸ்டலில் கேட்டால் "ஊருக்குப் போயிருக்கிறான்" என்பார்கள். இரண்டு ஜாபிதாவிலும் அவன் இல்லை. சுற்றுக் கிராமங்களிலோ, நாள் முழுதும் நடவு நட்டுவிட்டு வந்த பெண்கள் எட்டு மணிக்கே படுத்துவிடுவார்கள். அவர்களை எழுப்ப நமக்கே மனசு வராது.

வராதவர் கதை இப்படி. வந்துவிட்டு நடுவில் நின்றுவிடுகிறவர் கதை இன்னும் சுவாரஸ்யம். வருஷத்துக்கு ஒரு முறை ஊரில் எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை கொடுத்து யானைக்காலை ஒழிக்கலாமா என்று 1996-97-ல் சோதித்துப் பார்த்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. மொத்த ஜனத்தொகையில் நூற்றுக்கு 65 பேராவது, ஐந்து வருஷமாவது விழுங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கொடுத்தால் போதாது, விழுங்க வேண்டும்! வாங்கி மாடத்தில் வைத்த மாத்திரையும் 'கொடுத்தாகிவிட்டது' என்றே நோட்டில் ஏறும்.

புழு இல்லாதவருக்கு இந்த மாத்திரை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. புழு இருப்பவருக்கோ குஞ்சுகள் சாகும்போது ஜுரம், தலைவலி வரலாம். ஒரு நாள், இரண்டு நாளில் போய்விடும். ஆனால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? "போன வருஷம் மாத்திரை போட்டுத்தான் படுக்கையில் விழுந்தேன். இந்த வருஷம் வேண்டாம் சாமி!" யாருக்கு மருந்து அவசியமோ அவரே விலகிக்கொள்கிறார். ஒவ்வொரு வருஷமும் வெவ்வேறு 35 பேர் விட்டுப்போனால் ஊர் பிழைத்துக்கொள்ளும். அதே 35 பேர் வருஷா வருஷம் விட்டுப்போனால், கணக்கில் 65 சரியாகவே இருக்கும். புழுவும் சௌக்கியமாக இருக்கும்.

ஆட்களை விடாமல் தொடர்ந்து பிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று உண்டு. அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில், பி.சி.ஜி. ஊசி காசத்தைத் தடுக்கிறதா என்று 1968-ல் ஒரு சோதனை தொடங்கியது. பெயர் பதிந்தவர்கள் 3,66,625 பேர். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு நிஜ ஊசி, சிலருக்குப் போலி ஊசி; எது எவருக்கு என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு 15 வருஷம், இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை ஊர் ஊராக மறுபடி சர்வே. அதற்குள் பெண்கள் கல்யாணமாகிப் போவார்கள், பிழைப்புக்காகப் பட்டணம் போவார்கள், இறந்தும் போவார்கள். முடிவு யாரும் எதிர்பாராதது: பெரியவர்களுக்கு நுரையீரல் காசத்திலிருந்து அந்த ஊசி பாதுகாப்புத் தரவில்லை; குழந்தைகளுக்குக் கொஞ்சம்தான். அத்தனை சிரமப்பட்டுத் தேடியிராவிட்டால், "பலன் கண்டவர்களெல்லாம் காணாமற்போனவர்களில் இருக்கிறார்கள்" என்று வாதாட ஆள் கிளம்பியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஆண்கள் அகப்படாத கதை இன்றும் மாறவில்லை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல சர்வேயில், தேர்ந்தெடுத்த பெண்களில் நூற்றுக்கு 97 பேர் பதில் சொன்னார்கள். ஆண்களில் 92 பேர்தான். இந்த எண்ணிக்கையையும் அறிக்கையில் அச்சிட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் பதில் சொல்லவில்லை என்பதை மறைக்கிற சர்வேயை நான் நம்ப மாட்டேன்.

முதுநகர்ச் சந்தில் அந்த ஊழியர் என்ன செய்யலாம்? மூன்று முறை திரும்பிப் போகலாம். நேரத்தை மாற்றலாம். ஜுரம் வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அம்மாளிடமே யோசனை கேட்கலாம்.

"அப்போ அவரு எப்பம்மா வீட்டிலே இருப்பாரு?"

"விசைப்படகுதானே தம்பி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் தடை. அப்ப வாங்க, ராத்திரி பூரா திண்ணையிலேதான் கெடப்பாரு!"