படம் சாட்சியாவது எப்போது? – லூயிஸ் ஹைன் என்னும் ஆசிரியரின் ஒளிப்படப் பணி

வன்கொடுமை நிகழ்ந்த ஓர் ஊருக்குச் சென்று திரும்பும் உண்மை அறியும் குழுவின் கைப்பேசிகளில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். எரிந்த கூரை, உடைக்கப்பட்ட சிலை, கட்டுப்போட்ட தலை, அழும் முகம் என அன்றிரவே அவை சமூக ஊடகங்களில் பரவும். சில ஆண்டுகள் கழித்து வழக்கு விசாரணைக்கு வரும்போது அப்படங்களுள் எத்தனை பயன்படும்? எடுத்தவர் யார், எந்த நாள், எந்தத் தெரு, படத்தில் நிற்பவர் யார், மூலப்படம் எந்தக் கருவியில் இருக்கிறது ஆகிய கேள்விகளுக்கு விடையில்லாத படம் குறுக்கு விசாரணையின் முதல் ஐந்து நிமிடங்களைத் தாண்டாது. வழக்கு மன்றங்களில் இதை நாம் பலமுறை கண்டுவிட்டோம்.

படம் எடுப்பதும் சாட்சியம் திரட்டுவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாக உணர்ந்திருந்தவர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன். அவர் முதலில் ஒரு பள்ளி ஆசிரியர். அவருடைய வாழ்க்கையில் நாம் கற்கவேண்டியவையும் உண்டு, கேள்வி கேட்கவேண்டியவையும் உண்டு.

தொழிலாளியாக இருந்த ஆசிரியர்

1874இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்கோஷ் நகரில் பிறந்தவர் ஹைன். தந்தையின் மறைவுக்குப் பின் அறைகலன் தொழிற்சாலையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் உழைத்தார். கூலி வாரத்துக்கு நான்கு டாலர். உழைத்துக்கொண்டே படித்து, 1901இல் நியூயார்க்கின் எத்திக்கல் கல்ச்சர் பள்ளியில் ஆசிரியரானார். அப்பள்ளித் தலைவர் அவர் கையில் ஒரு கேமராவைக் கொடுத்து, கற்பித்தலுக்கு அதைப் பயன்படுத்தச் சொன்னார். முப்பதை நெருங்கும் வயதில்தான் ஹைன் ஒளிப்படக் கலையைக் கற்கத் தொடங்கினார்.

அவர் எடுத்த முதல் பெருந்தொகுதி எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய குடியேறிகளைப் பற்றியது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களையும் இத்தாலியரையும் பற்றி அமெரிக்க இதழ்கள் வெறுப்பைப் பரப்பிக்கொண்டிருந்த காலம் அது. தம் மாணவர்கள் அம்மக்களை மதிப்புடன் பார்க்கப் பழகவேண்டும் என்பதே அப்படங்களுக்குப் பின்னிருந்த நோக்கம். பள்ளியில் அவர் நடத்திய ஒளிப்பட வகுப்பிலிருந்து வந்தவர்தான், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பால் ஸ்ட்ராண்ட்.

1908இல் ஹைன் ஆசிரியப் பணியை விட்டுவிட்டு, தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் முழுநேரப் புலனாய்வாளராகவும் ஒளிப்படக் கலைஞராகவும் சேர்ந்தார். வகுப்பறை மாறியதே தவிர கற்பிக்கும் வேலை நிற்கவில்லை.

குறிப்பேடு இல்லாமல் படம் இல்லை

1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 10 முதல் 15 வயது வரையிலான குழந்தைகளில் சுமார் 17.5 லட்சம் பேர் வேலை செய்துகொண்டிருந்தனர். இந்த எண்ணைப் பற்றி ஆலை முதலாளிகள் கவலைப்படவில்லை. "எங்கள் ஆலையில் அப்படி யாரும் இல்லை" என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டால் போதுமானதாக இருந்தது. அந்த மறுப்பை உடைப்பதுதான் ஹைனின் பணி. தெற்கின் பருத்தி ஆலைகள், பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்கள், கண்ணாடித் தொழிற்சாலைகள், பதப்படுத்தும் கூடங்கள், செய்தித்தாள் விற்கும் தெருக்கள் எனப் பத்தாண்டுகளுக்கும் மேல் அலைந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அத்தொகுப்பு இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது.

உள்ளே நுழைய அனுமதி கிடைக்காத இடங்களில் பைபிள் விற்பவராகவும் தீத்தடுப்பு ஆய்வாளராகவும் இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவராகவும் தம்மைக் காட்டிக்கொண்டார். ஒரு குழந்தையின் உயரத்தைத் தம் மேற்சட்டைப் பொத்தான்களை வைத்து அளந்துகொண்டார். எந்தப் பொத்தான் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது அவருக்கு முன்பே தெரியும். சட்டைப்பைக்குள் கைவிட்டபடியே குறிப்பெழுதினார். குழந்தையின் பெயர், வயது, உயரம், வேலை நேரம், கூலி, எத்தனை ஆண்டுகளாக வேலை என அனைத்தும் படத்துடன் சேர்ந்தன. வயதில் ஐயம் எழுந்த இடங்களில் பிறந்த நாள் எழுதிவைக்கப்பட்ட குடும்ப பைபிளைப் பார்த்து உறுதி செய்த குறிப்புகளும் உண்டு.

இவ்வளவு கவனம் ஏன்? படங்கள் போலி என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1909இல் சமூகப் பணியாளர் மாநாடு ஒன்றில் ஆற்றிய உரையில் அவர் இதை நேராகவே எடுத்துரைத்தார். படம் பொய் சொல்லாது என்று மக்கள் நம்புகிறார்கள். ஆனால் பொய்யர்களும் படம் எடுக்கலாம். ஆகவே நம் படத்தில் ஒரு பிசகும் இருக்கக்கூடாது என்பதே அவ்வுரையின் சாரம். செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் போலிப் படத்தை உருவாக்கித்தரும் காலத்தில் வாழும் நமக்கு இந்த எச்சரிக்கை பழையதாகிவிடவில்லை.

படம் சட்டமாவதற்கு முப்பது ஆண்டுகள்

ஹைனின் படங்கள் சுவரொட்டிகளாகவும் கண்காட்சிகளாகவும் விளக்குத் திரைப்படங்களாகவும் ஊர் ஊராகச் சென்றன. 1912இல் கூட்டாட்சி அரசு குழந்தைகள் நலனுக்கெனத் தனி அமைப்பை நிறுவியது. 1916இல் கீட்டிங்–ஓவன் சட்டம் நிறைவேறியது. குழந்தைகளின் உழைப்பில் உருவான பொருள்களை மாநில எல்லை தாண்டி விற்பதை அது தடை செய்தது. அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற 1913–1916 ஆண்டுகளும் இவ்விவாதம் அமெரிக்காவில் உச்சத்திலிருந்த ஆண்டுகளும் ஒன்றே.

ஆனால் சட்டம் ஈராண்டுகூட நிலைக்கவில்லை. வட கரோலினாவின் சார்லட் நகரப் பருத்தி ஆலையில் தம் இரு மகன்களுடன் வேலை செய்த ஒரு தந்தையின் பெயரில் வழக்குத் தொடரப்பட்டது. தம் பிள்ளைகளின் உழைப்பைப் பெறும் உரிமையைச் சட்டம் பறிக்கிறது என்பது வாதம். வழக்கின் பின்னால் நின்றவர்கள் ஆலை முதலாளிகள். 1918 ஜூன் 3 அன்று, ஹேமர் எதிர் டேகன்ஹார்ட் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாததாக்கியது. உற்பத்தியைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. சில ஆண்டுகள் கழித்து ஒரு செய்தியாளர் அம்மகன்களில் ஒருவரைத் தேடிச் சென்று கேட்டபோது, அவ்வெற்றியால் தமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றும், பள்ளிக்குப் போயிருக்கவேண்டும் என்றும் அவர் சொன்னார். யாருடைய உரிமை காக்கப்படுவதாகச் சொல்லப்பட்டதோ அவரே அத்தீர்ப்பால் இழந்தவர்.

1919இல் கொண்டுவரப்பட்ட வரிச் சட்டத்தையும் 1922இல் உச்ச நீதிமன்றம் வீழ்த்தியது. 1938இல் நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் வந்த பிறகே கூட்டாட்சி அளவில் நிலையான தடை உருவாயிற்று. ஹைன் கேமராவுடன் முழுநேரப் பணியில் இறங்கியதற்கும் அச்சட்டத்துக்கும் இடையே முப்பது ஆண்டுகள்.

போர்முனையிலிருந்து வறுமைக்கு

1918இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துடன் ஹைன் ஐரோப்பா சென்றார். பிரான்சிலும், போர் முடிந்தபின் இத்தாலி, செர்பியா, கிரேக்கம் ஆகிய நாடுகளிலும் அகதிகளையும் வீடிழந்த குடும்பங்களையும் படமெடுத்தார். திரும்பிய பிறகு அவருடைய பார்வையில் ஒரு மாற்றம் தெரிந்தது. உழைப்பவரின் துயரத்தை மட்டும் காட்டினால் போதாது, அவருடைய திறனையும் பெருமிதத்தையும் காட்டவேண்டும் என்று கருதினார். 1930–31இல் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழுந்தபோது வானுயர்ந்த இரும்புச் சட்டங்களின் மேல் நின்று அவர் எடுத்த படங்கள் இந்தப் பார்வையின் விளைவு.

ஆயினும் கடைசி ஆண்டுகளில் வேலை கிடைக்கவில்லை. கிராமப்புற வறுமையைப் பதிவு செய்த அரசுத் திட்டத்தில் சேர மீண்டும் மீண்டும் முயன்றும் இடமளிக்கப்படவில்லை. வீடு கைவிட்டுப் போனது. 1940 நவம்பரில் வறுமையிலேயே மறைந்தார். அவருடைய எதிர்மறைப் படச்சுருள்களையும் தகடுகளையும் பாதுகாத்தவர்கள் நியூயார்க்கின் ஃபோட்டோ லீக் என்னும் இளம் ஒளிப்படக் கலைஞர்களின் கூட்டமைப்பினர். 1947இல் அரசின் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்று, 1951இல் அவ்வமைப்பும் கலைந்தது. மக்கள் பக்கம் நிற்கும் ஆவணங்கள் எவ்வளவு எளிதில் அழிந்துபோகக்கூடியவை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

சட்டகத்துக்கு வெளியே நின்றவர்கள்

இனி நம் கேள்விக்கு வருவோம். ஹைனின் தெற்குப் பருத்தி ஆலைப் படங்களில் காணப்படும் குழந்தைகள் பெரும்பாலும் வெள்ளையர்கள். காரணம் எளியது. இயந்திரக் கூடங்களில் கறுப்பின மக்களுக்கு வேலையே தரப்படவில்லை. சுமை தூக்குவதும் பெருக்குவதும்தான் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. கறுப்பினக் குழந்தைகளில் மிகப் பலர் வயல்களில் உழைத்தனர். ஹைன் சில கறுப்பினக் குழந்தைகளையும் படமெடுத்தார் என்றாலும், நாட்டின் மனச்சான்றைத் தொட்ட படங்கள் அவையல்ல. தெற்கத்திய சீர்திருத்தவாதிகள் சிலர் வெள்ளை இனத்தின் எதிர்காலம் பாழாகிறது என்று வாதிட்டே ஆதரவு திரட்டினர்.

சட்டமும் அதே சட்டகத்துக்குள்ளேயே வரையப்பட்டது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்வோரையும் தன் குறைந்தபட்சக் கூலிப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தியது. பள்ளி நேரத்துக்கு வெளியே வயலில் உழைத்த குழந்தைக்கும் பாதுகாப்பில்லை. தெற்கின் கறுப்பின மக்கள் பெருமளவில் இருந்தது இவ்விரு தொழில்களில்தான். படத்தில் இல்லாதவர் சட்டத்திலும் இல்லாமற்போனார்.

இந்நிலை நமக்கு அந்நியமானதன்று. 2016இல் திருத்தப்பட்ட நம் குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தை பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. அபாயகரமான தொழில்கள் மட்டுமே விலக்கு. சாதியச் சமூகத்தில் குடும்பத் தொழில் என்பது பெரும்பாலும் சாதித் தொழில். ஆலைக்குள் நிற்கும் குழந்தையைப் படமெடுக்கலாம்; வீட்டுத் திண்ணையில் குடும்பத் தொழிலில் உழைக்கும் குழந்தையைச் சட்டமே சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டது.

மறுப்பை உடைக்கும் ஆவணப்படுத்தல் நம்மிடமும் உண்டு. உலர் கழிப்பறைகளே இல்லை என்று அரசுகள் மறுத்துவந்த காலத்தில் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றம் சென்றது. ஊர் ஊராகத் திரட்டப்பட்ட விவரங்களும் படங்களுமே அவ்வழக்கின் வலிமை. 2014 மார்ச் 27 அன்று வந்த தீர்ப்பு, 1993 முதல் சாக்கடைகளில் இறந்தோரின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023இல் பல்ராம் சிங் வழக்கில் அத்தொகை முப்பது லட்சமாக உயர்ந்தது.

நாம் செய்யவேண்டியவை

ஹைனின் முறையை இன்றைய சட்டத்துடன் பொருத்திப் பார்த்தால் சில நெறிகள் தெளிவாகின்றன.

முதலாவது, குறிப்பு. எடுத்தவர், நாள், நேரம், இடம், படத்தில் உள்ளவை ஆகியவற்றை அந்த இடத்திலேயே எழுதிக் கையொப்பமிடவேண்டும்.

இரண்டாவது, மூலம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் ஹேஷ் மதிப்பையும் அதில் குறிப்பிடவேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதும் தரம் குறைந்து உள்விவரங்கள் அகன்றுவிடும். ஆகவே எடுத்த கைப்பேசியில் உள்ள மூலக்கோப்பை அழிக்காமல், திருத்தாமல், அப்படியே காக்கவேண்டும்.

மூன்றாவது, ஒப்புதலும் அடையாளமும். ஹைன் குழந்தைகளின் பெயர்களை வெளியிட்டார். இன்று நாம் அப்படிச் செய்யலாகாது. குற்றத்துக்கு உள்ளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும், பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும் தடை செய்கின்றன. வழக்கறிஞருக்குத் தரவேண்டிய படம் வேறு, மக்களுக்குக் காட்டவேண்டிய படம் வேறு.

நான்காவது, நீதிமன்றத்திலும் பதிவைக் கேட்பது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ(10) பிரிவு, அச்சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் அனைத்தும் காணொளியில் பதிவு செய்யப்படவேண்டும் என்கிறது. மனு போட்டுக் கேட்டால்தான் பல இடங்களில் இது நடக்கும். கேட்பது நம் கடமை.

ஹைன் மறைந்து மூன்று மாதங்கள் கழித்து, 1941 பிப்ரவரி 3 அன்று, டார்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தை உறுதி செய்து, ஹேமர் வழக்குத் தீர்ப்பைத் தவறெனத் தள்ளியது. அந்நாளைக் காண அவர் இல்லை. ஆனால் எந்த ஆலையில், எந்த நாளில், எந்த வயதில் அக்குழந்தைகள் நின்றார்கள் என்பதை எவரும் மறுக்கமுடியாதபடி அவர் எழுதிவைத்த குறிப்புகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. நம் வழக்குகளும் நீண்டவை. அடுத்த முறை ஓர் ஊருக்குப் புறப்படும்போது கைப்பேசியுடன் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்வோம்.