குட்டித் தொட்டி... யாரோடு யார்?

ஏற்காடுன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 20 கொண்டை ஊசி வளைவு, ஏரியில போட்டிங், லேடீஸ் சீட், மே மாசக் கோடை விழா... கரெக்ட்தானே? எனக்கு இப்பல்லாம் ஞாபகம் வர்றது வேற. ஒரு டிசம்பர் காலையில எங்க வீட்டுத் தொட்டியில செத்து மிதந்த ரெண்டு கறுப்பு மோலி மீன்!

சேலத்துல செமஸ்டர் எக்ஸாம் முடிச்சுட்டு ஊருக்குக் கிளம்புறப்போ, தங்கச்சிக்கு ஒரு சர்ப்ரைஸ் கொடுக்கலாமேன்னு கலர் மீன் கடைக்குப் போனேன். "எல்லாமே குட்டி போடுற மீன்தான் தம்பி. சண்டை போடாது, ஒண்ணாவே விடலாம்"னார் கடைக்காரர். 4 மோலி, 4 கப்பி, 3 ஸ்வார்ட் டெயில் வாங்கினேன். வீட்டுல இருந்ததோ ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. விளிம்பு வரை ஊத்தினாலே 42 லிட்டர்தான்.

பத்தே நாள். ரெண்டு மோலி காலி. ஒரு ஸ்வார்ட் டெயில் ராத்திரி எகிறிக் குதிச்சு, காலையில தரையில எறும்பு மொய்ச்சுக் கிடந்தது. தங்கச்சி ஒரு வாரம் அந்த ரூம் பக்கமே வரலை. அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். ஸோ, நான் பண்ணின தப்பை நீங்க பண்ண வேணாம்... மேலே படிங்க!

நாலு பேர், நாலு குணம்!

முட்டை போடாம நேரடியா குட்டி போடுற மீன்கள்ல நம்ம ஊர்ல ஈஸியா கிடைக்கிறது நாலு வகை: கப்பி, மோலி, ப்ளாட்டி, ஸ்வார்ட் டெயில். ஒரே குடும்பம்தான். ஆனா, ஒரே குடும்பம்கிறதுக்காக ஒரே ரூம்ல அடைச்சா எப்படி?

கப்பி: சைஸ் சின்னது, மனசு சாது. 22 முதல் 28 டிகிரி வரை ஓகே. 1866-ல் டிரினிடாட் தீவிலிருந்து இதை லண்டன் மியூசியத்துக்கு அனுப்பிவைத்த கப்பி என்பவரின் பெயர்தான் மீனுக்கும் வந்தது.

மோலி: பார்க்க சாது, ஆனா கேட்கறது ஜாஸ்தி. 25 டிகிரிக்கு மேல வெதுவெதுப்பு வேணும், கடின நீர் வேணும், இடமும் வேணும். குளிரும் மென்நீரும் சேர்ந்தா, நின்ன இடத்துலயே உடம்பை நெளிச்சுக்கிட்டு இருக்கும். எங்க வீட்டு மோலி அப்படி நெளிஞ்சப்போ 'டான்ஸ் ஆடுது'ன்னு நான் வீடியோ எடுத்தேன். அது டான்ஸ் இல்லை பாஸ், அவஸ்தை!

ப்ளாட்டி: குண்டு உடம்பு, யாரோடும் வம்புக்குப் போகாது. 20 டிகிரி வரைக்கும் குளிர் தாங்கும். மலை ஊர்க்காரங்களுக்கு முதல் சாய்ஸ் இதுதான்.

ஸ்வார்ட் டெயில்: வால்ல வாள்! ப்ளாட்டி மாதிரியே குளிர் தாங்கும். ஆனா பெருசா வளரும், ரெண்டு ஆண் இருந்தா துரத்தித் துரத்திச் சண்டை, மூடி இல்லேன்னா வெளியே ஜம்ப். மூணடித் தொட்டி இருந்தா மட்டும் வாங்குங்க. இன்னொண்ணு, ப்ளாட்டியும் ஸ்வார்ட் டெயிலும் கலந்து குட்டி போடும். அந்தக் கலப்புக் குட்டிகள் சிலதுக்குத் தோல் புற்றுநோய் வருதுன்னு 1920-களின் கடைசியிலேயே கண்டுபிடிச்சாங்க. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு இந்த மீன்கள் இன்னிக்கும் உதவுது. ஆனா உங்க வீட்டுத் தொட்டி லேப் இல்லையே!

மலை மேல ஃபிசிக்ஸ்!

கொஞ்சம் இன்ஜினீயரிங் பேசிக்கலாமா? சேர்வராயன் மலையில ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஒரு கிலோமீட்டர் ஏறினா சுமார் ஆறரை டிகிரி குறையும்னு கணக்கு போட்டா, வித்தியாசம் எட்டு டிகிரி! சேலத்துல ஹீட்டர் இல்லாம ஜாலியா இருந்த மீன், சாயங்காலம் மலை ஏறினதும் நடுங்கும். மேலே காத்தழுத்தம் குறைவுங்கறதால, மீன் பாக்கெட்டும் சிப்ஸ் பாக்கெட் மாதிரி உப்பும். அவசரப்பட்டு வீட்டுக்கு வந்ததும் அப்படியே கொட்டிடாதீங்க. பாக்கெட்டை 20 நிமிஷம் தொட்டியில மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே சேர்த்து, அப்புறம் மீனை மட்டும் விடுங்க.

ஹீட்டர்? 40 லிட்டருக்கு 50 வாட் போதும். அந்தத் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்கவே, வெப்பம் வெளியே போகலேன்னு வெச்சுக்கிட்டாலும், 56 நிமிஷம் ஆகும். அதனால கரன்ட் கட்டானா தொட்டியைச் சுத்தி ஒரு கம்பளி போர்த்துங்க. சூடு இறங்குறது மெதுவாகும்.

தண்ணி மென்மையா, கடினமான்னு தெரியணுமா? சோப்பு போட்டுப் பாருங்க. ஈஸியா நுரைச்சா மென்நீர். அப்படின்னா கழுவின கிளிஞ்சலை வலைப்பையில கட்டி ஃபில்டர் பக்கத்துல போடுங்க. கடினத்தன்மை மெள்ள ஏறும்.

20 குட்டி... இப்ப என்ன பண்றது?

கதை அதோட முடியலை. உயிரோட இருந்த ரெண்டு பெண் கப்பியும் குட்டி போட்டுத் தள்ளிடுச்சு. இருபதுக்கு மேல! நாலு வாரத்துக்கு ஒரு தடவை பிரசவம். ஆணைப் பிரிச்சுட்டாலும், ஏற்கெனவே சேர்த்துவைச்ச விந்தணுவை வெச்சே மாசக்கணக்குல குட்டி போடும்.

"மச்சி, ராத்திரி ஏரியில விட்டுட்டு வந்துடு"ன்னான் ஃப்ரெண்ட். கையில பக்கெட்டோட நானும் கிளம்பிட்டேன். நல்லவேளை, அதுக்கு முன்னாடி கம்பூசியா பத்திப் படிச்சிருந்தேன். கொசுப் புழுவைத் தின்னும்னு நம்பி 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. கப்பியோட சொந்தக்காரன். போன இடத்துல எல்லாம் உள்ளூர் மீன்களோட முட்டை, குஞ்சுகளைத் தின்னுது. உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கு. நான் ஏரியில விடுற இருபது, அடுத்த வருஷம் இருபதாவே இருக்குமா? பக்கெட்டை இறக்கி வெச்சுட்டேன்.

ஒவ்வொரு வீடா அலைஞ்சு குட்டிகளைக் கொடுத்தேன். மிச்ச ரெண்டு மோலியும், ரெண்டு ஸ்வார்ட் டெயிலும் சேலத்துல கடினமான போர் தண்ணி, மூணடித் தொட்டி உள்ள ஒரு க்ளாஸ்மேட் வீட்டுக்குப் போயாச்சு.

குட்டித் தொட்டிக்கு குட்டி டிப்ஸ்!

* 40 லிட்டருக்குள்ளேன்னா ஒரே ஒரு வகை. 6 ஆண் கப்பி, இல்லேன்னா 5 ப்ளாட்டி.

* குட்டியே வேணாமா? ஆண் மட்டும் வாங்குங்க. அடிப்பக்கத் துடுப்பு குச்சி மாதிரி கூரா இருந்தா ஆண், விசிறி மாதிரி இருந்தா பெண்.

* ரெண்டும் வேணும்னா ஓர் ஆணுக்கு ரெண்டு, மூணு பெண். இல்லேன்னா பெண் மீன் துரத்தல்லயே துவண்டுடும்.

* ஃபைட்டர், ஏஞ்சல், டைகர் பார்ப் - கப்பியோட வாலுக்கு மூணுமே வில்லன்.

* புதுத் தொட்டியில நல்ல பாக்டீரியா செட்டாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் நாளே கூட்டம் சேர்க்காதீங்க.

* வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணி மாத்துங்க. குழாய்த் தண்ணின்னா குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கட்டாயம்.

இப்போ எங்க தொட்டியில அஞ்சு ஆண் ப்ளாட்டி மட்டும். தங்கச்சி அஞ்சுக்கும் பேர் வெச்சிருக்கா. தினமும் ராத்திரி ஹாஸ்டலுக்கு போன் வரும். "மூடி போட்டாச்சுண்ணா... ஹீட்டர் லைட் எரியுது" - ரிப்போர்ட் சொல்லிட்டுத்தான் தூங்குறா!