குழு எவருடைய சொத்து?

நஷ்டத்தில் நடக்கும் விளையாட்டுக் குழுவொன்றை, லாபம் கிடைக்கும் வேறொரு பட்டணத்துக்கு அதன் முதலாளி பெயர்த்துக் கொண்டு போகலாமா? வட அமெரிக்காவில் பனிக்கட்டித் தரையில் ஆடப்படும் ஹாக்கி ஆட்டத்தில் இவ்வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. மேலெழுந்தவாரியாகப் பார்ப்போருக்கு இது வேடிக்கைச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால், பொது ஜனங்களின் அன்பாலும் வரிப்பணத்தாலும் வளர்ந்த ஒரு பொருளின்மீது தனி மனிதனுக்குள்ள உரிமை எவ்வளவு என்ற பெரிய கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

அங்கே நேஷனல் ஹாக்கி லீக் என்ற ஸ்தாபனத்தில் 32 குழுக்கள் உள்ளன. ஊரின் பெயரைத் தாங்கி ஆடினாலும், ஒவ்வொன்றும் ஒரு முதலாளியின் அல்லது சில பங்காளிகளின் உடைமை.

முதலாளியின் தரப்பை முதலில் கேட்போம். கனடாவிலுள்ள வின்னிபெக் நகரின் ஜெட்ஸ் குழு 1996-ம் வருஷத்தில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகருக்குச் சென்றது. டிக்கட் வருமானம் கனடா டாலரில் வந்தது; ஆட்டக்காரர் சம்பளத்தையோ அமெரிக்க டாலரில் கொடுக்க வேண்டியிருந்தது. அக்காலத்தில் கனடா டாலர் அமெரிக்க நாணயத்தில் 75 சென்டுக்கும் குறைவாகவே பெற்றது. ஆட்ட மண்டபமும் பழையது. எத்தனை வருஷந்தான் ஒருவன் கைப்பொருளை இழப்பான் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே.

ஆயினும் போன இடத்தில் நடந்ததென்ன? அக்குழு 2009-ல் திவாலாயிற்று. அதை வாங்கி ஹாமில்டன் நகருக்குக் கொண்டுபோக விரும்பியவரின் ஏலத்தை நியாயாதிபதி நிராகரித்தார். லீக் ஸ்தாபனமே குழுவை ஏற்று நடத்த நேர்ந்தது. குழுவைத் தக்கவைத்துக்கொள்ளக் கிளெண்டேல் நகர சபை இரண்டு வருஷங்கள், வருஷத்துக்கு இரண்டரைக் கோடி டாலர் வீதம் லீக்குக்குக் கொடுத்தது. 2022-ல் மண்டபமிழந்த குழு, ஏறக்குறைய 4,600 பேரே அமரக்கூடிய சர்வகலாசாலை மண்டபத்தில் ஒதுங்கிற்று. புது மண்டபத் திட்டத்தை 2023-ல் டெம்ப்பி நகர வாக்காளர்கள் தள்ளிவிட்டனர். 2024-ல் 120 கோடி டாலர் விலையில் ஆட்டக்காரர்கள் யூட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தனர். இடம் மாறினால் நோய் தீரும் என்பது எப்போதும் மெய்யன்று.

வின்னிபெக்குக்கு 2011-ல் அட்லாண்டா நகரின் குழு வந்தது. அங்கே 13,000 பருவ டிக்கட்டுகளும் சில தினங்களில் விற்றுப்போயின. நாமும் மகிழ்கிறோம், ஆனால் 1980-லேயே ஒரு குழுவைக் கால்கரிக்குப் பறிகொடுத்த அட்லாண்டா இரண்டாம் முறையும் இழந்ததை மறக்கலாமா? கியுபெக் நகரின் கதை இன்னும் பரிதாபம். 1995-ல் அங்கிருந்து கொலராடோ சென்ற குழு, மறு வருஷமே ஸ்டான்லி கோப்பையை வென்றது. மரத்தை நட்டுத் தண்ணீர் ஊற்றியவர் ஒருவர். கனியைப் புசித்தவர் வேறொருவர். 2015-ல் புது மண்டபம் கட்டி முடித்தும் அந்நகருக்கு லீக் குழு கிட்டவில்லை.

பொறுமைக்குப் பலனுண்டு என்பதற்கு நாஷ்வில் சாட்சி. 2007-ல் அக்குழுவும் விலைக்கு வந்து, ஊரைவிட்டுப் போகும் நிலையில் இருந்தது. ஜனங்கள் கூடிக் கிளர்ச்சி செய்தனர். உள்ளூர்ச் செல்வர் சிலர் சேர்ந்து அதை வாங்கினர். பத்தாண்டு கழித்து, 2017-ல், அக்குழு கோப்பையின் இறுதிப் போட்டியில் ஆடியது.

முதலாளியின் உரிமை வரம்பற்றதன்று. லீக்கின் சம்மதமின்றி அவர் குழுவைப் பெயர்க்க முடியாது. ஆனால் குழுவை வளர்த்த ஊராரின் சம்மதம் எவருக்கும் வேண்டியதில்லை! இங்கேதான் அநீதி இருக்கிறது. நமது அபிப்பிராயத்தில், முதலாளி ஒரு தர்மகர்த்தாவைப் போன்றவர். சொத்தை நிர்வகிக்கவும் நியாயமான பலனை அடையவும் அவருக்கு உரிமையுண்டு. அதைப் பயன்படுத்தும் ஜனங்களை மறந்து நடக்க உரிமையில்லை.

ஆகவே மூன்று நிபந்தனைகளைக் கூறுவோம். நஷ்டமென்று சொல்பவர் கணக்கைப் பகிரங்கமாகக் காட்டவேண்டும். நியாய விலைக்கு வாங்கிக்கொள்ள உள்ளூராருக்கு ஒரு வருஷமேனும் தவணை கொடுக்கவேண்டும். அப்போதும் ஊரார் முன்வராவிட்டால் குழு போகட்டும். பெயரும் நிறமும் பழைய வெற்றிகளின் வரலாறும் ஊரிலேயே நிற்கட்டும். கிளீவ்லந்து நகரின் புட்பால் குழு 1996-ல் பால்டிமோருக்குச் சென்றபோது இவ்வாறே செய்தனர்; 1999-ல் அந்நகரில் புதுக் குழு அதே பெயருடன் எழுந்தது.

ஜனங்களே கைவிட்ட குழுவைப் பலவந்தமாக நிறுத்தி வைக்கும்படி நாம் கேட்கவில்லை. ஜனங்களைக் கேளாமல் அவர்கள் நேசித்ததை விற்காதீர்கள் என்றே சொல்கிறோம்.