‘பிரிண்ட்’ கொடுத்தால் காகிதத்தில் ஒன்றும் விழாது!

பிரிண்டருக்கென்றே பிறந்த மொழி போஸ்ட்ஸ்கிரிப்ட். அதில் ‘பிரிண்ட்’ என்று ஒரு கட்டளை உண்டு. கொடுத்துப் பாருங்கள், காகிதத்தில் ஒரு புள்ளிகூட விழாது! காகிதத்துக்கு ‘ஷோ’ என்று தனிக் கட்டளை இருக்கிறது. ‘பிரிண்ட்’ கொடுத்த வரி வந்த கம்பி வழியாகவே கம்ப்யூட்டருக்குத் திரும்பிப் போகும். பிரிண்டர் நம்மோடு பேசும்! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

அடோபி நிறுவனத்தின் ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் அவர்கள் குழுவும் 1984-இல் வெளியிட்ட மொழி இது. அடுத்த ஆண்டே ஆப்பிளின் லேசர்ரைட்டரில் ஏறியது. அந்தப் பிரிண்டருக்குள் 12 மெகாஹெர்ட்ஸ் மோட்டோரோலா 68000 சிப். அதோடு இணைத்த மேக்கிண்டாஷில் இருந்ததும் அதே சிப்தான், ஆனால் ஏறத்தாழ 8 மெகாஹெர்ட்ஸ். கட்டளை கொடுப்பவரைவிடக் கட்டளை வாங்குபவர் வேகம்!

இன்று அந்தப் பிரிண்டரைத் தேடி அலைய வேண்டாம். பீட்டர் டாய்ச் 1988-இல் வெளியிட்ட கோஸ்ட்ஸ்கிரிப்ட் போதும். திறந்ததும் ‘ஜிஎஸ்>’ என்று காத்திருக்கும். 3, 4 என்று தட்டினால் ‘ஜிஎஸ்<2>’ ஆகிவிடும். அடுக்கில் இரண்டு பொருள் இருக்கிறது என்று அர்த்தம். ‘ஆட்’ என்றால் இரண்டும் மறைந்து 7 மட்டும் உட்காரும், ‘ஜிஎஸ்<1>’. இந்த மொழியில் எல்லாமே இப்படித்தான்: வேண்டியதை முதலில் அடுக்கில் வை, பிறகு வேலையைச் சொல்.

கோப்பும் அடுக்கில் ஏறும் ஒரு பொருள்தான். அதை வைத்து ‘ரீட்’ சொன்னால் ஒரு பைட் வரும். ஏ என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தைப் படித்தால் அடுக்கில் 65, அதன் தலையில் ‘ட்ரூ’. கோப்பு தீர்ந்துவிட்டால் வெறும் ‘ஃபால்ஸ்’ மட்டும். ஒரு முறை இரண்டு பொருள், இன்னொரு முறை ஒன்று! மேலே இருப்பதைப் பார்த்த பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். எவ்வளவு அழகான ஒழுங்கு!

இனிமேல்தான் திருவிழா. ‘கரண்ட்ஃபைல்’ என்று ஒரு கட்டளை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல் எந்தக் கோப்பிலிருந்து வருகிறதோ, அந்தக் கோப்பையே எடுத்து அடுக்கில் வைக்கும். நிரல் தன் கோப்பில் தனக்குப் பின்னால் வருவதைத் தானே தரவாகப் படிக்கலாம்! கட்டளையும் படமும் ஒரே குழாயில், ஒன்றன் பின் ஒன்றாக.

நான் செய்து பார்த்த சோதனையைச் சொல்கிறேன். ஒரே வரியில் ‘கரண்ட்ஃபைல் 5 ஸ்ட்ரிங் ரீட்ஸ்ட்ரிங் பாப் பிரிண்ட் ஃப்ளஷ்’ (இந்தக் கோப்பிலிருந்தே ஐந்து பைட் படித்துத் திருப்பி அனுப்பு என்று அர்த்தம்), அடுத்த வரியில் ‘ஹலோ’வின் ஐந்து ஆங்கில எழுத்துகள். (‘ஃப்ளஷ்’ எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் வரி இடையிலேயே தேங்கி நிற்கலாம்.) ஹலோ வரவில்லை. ‘ரிண்ட்’ என்று ஒரு கட்டளையே இல்லை என்ற பிழைதான் வந்தது. நான் எங்கே ‘ரிண்ட்’ எழுதினேன்? விரல் வைத்து எண்ணினேன். ‘ரீட்ஸ்ட்ரிங்’ தனக்கு அடுத்த இடைவெளியைத் தாண்டியதும் வேலையைத் தொடங்கிவிட்டது. ‘பாப்’பின் மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, ‘பிரிண்ட்’டின் தலையெழுத்து ‘பி’. ஐந்து! தன் நிரலையே கடித்துத் தின்றுவிட்டது. மிச்சம் விழுந்ததுதான் ‘ரிண்ட்’!

கட்டளைகளை நெளி அடைப்புக்குள் போட்டுக் கடைசியில் ‘எக்ஸெக்’ சேர்த்தேன். வந்தது ஹலோ. பிறகு தமிழில் ‘அம்மா’ வைத்தேன். ஐந்து போதாது. யுடிஎஃப்-8 குறியீட்டில் அந்தச் சொல் 15 பைட். 15 என்று மாற்றியதும் திரையில் முழுசாக நின்றாள் அம்மா.

மொழியின் அடுத்த பதிப்பான லெவல் 2-இல் ‘ஃபில்டர்’ என்ற கட்டளை வந்தது. கோப்பை வைத்து வடிகட்டியின் பெயரைச் சொன்னால், அதே இடத்தில் புதுக் கோப்பு கிடைக்கும். அதன் மேல் இன்னொரு வடிகட்டி. ஜேபெக் படம்கூட அப்படியே வடிந்து வரும்.

என் மனம் கவர்ந்தது போஸ்ட்ஸ்கிரிப்டின் டைப் 1 ஃபான்ட் கோப்பின் வால். எழுத்துருவின் உள்பகுதி மறைகுறியில் இருக்கும். ‘ஈ-எக்ஸெக்’ அதை 55665 என்ற சாவியோடு பிரித்துப் பிரித்து ஓட்டும். அந்த உள்பகுதி, தான் முடிகிற இடத்தில் ‘மார்க்’ என்று அடுக்கில் ஒரு கொடி நட்டுவிட்டுக் கதவைச் சாத்தும். ஆனால் ‘ஈ-எக்ஸெக்’ அவசரத்தில் சில பைட்டை முன்கூட்டியே விழுங்கியிருக்கலாம். உண்மையான கட்டளை போய்விட்டால்? அதற்காகவே பின்னால் வரிசையாகச் சுழியங்கள்! விழுங்கினால் நஷ்டமில்லை. விழுங்காமல் விட்டவை வெறும் எண்ணாக அடுக்கில் ஏறும். கடைசியில் ‘க்ளியர்-டு-மார்க்’ வந்து, நட்ட கொடிவரை அத்தனையையும் துடைத்துவிடும். கோப்பு, அடுக்கு, எட்டிப் படிக்கும் அவசரம் மூன்றையும் ஒரே வரிசைச் சுழியத்தால் சமாளித்த அந்த மூளைக்கு ஆயிரம் கும்பிடு!

உங்கள் கம்ப்யூட்டரில் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் இருந்தால், பெயர் பிஎஃப்பி என்று முடியும் டைப் 1 ஃபான்ட் கோப்பு ஒன்றை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, கடைசிக்குப் போய் எண்ணிப் பாருங்கள். சுழியங்கள் 512.